வெற்றிலையும் வேலுமா? வணிகன் இட்ட பொறியா?



ஒரகடத்துத் தொழிலகமொன்றில் பணிபுரியும் என் பழைய மாணவன் அண்மையில் ஒரு படத்தை என் முன் வைத்தான். உறவினர் வீட்டுப் பரணில் கிடந்த பழைய கைத்துப்பாக்கியின் படம் அது. விசைத்தகட்டில் வெற்றிலை போன்றதொரு வடிவம். நான்காய்ப் பகுத்த அதன் கட்டங்களில் எழுத்துகள். உச்சியில் வேல் போன்றதொரு கோடு. “ஐயா, வெற்றிலையும் வேலும்! நம் பாளையத்தார் பொறிதானே?” என்றான்.

அன்று! அது வெற்றிலையன்று, நெஞ்ச வடிவம். அது வேலன்று, 4 என்னும் எண்ணுரு. கட்டங்களில் இருப்பவை வி, ஈ, ஐ, சி என்னும் ஆங்கில எழுத்துகள். ‘ஒன்றிணைந்த கிழக்கிந்தியக் குழுமம்’ என்பதன் சுருக்கம் அது. யு என்பதை வி என்று பொறிப்பது அக்கால வழக்கு. 1709இல் இரு ஆங்கில வணிகக் குழுமங்கள் இணைந்தன. இணைந்த குழுமம் தன் சரக்குப் பொதிகளில் இட்ட அடையாளமே இது. துணிப்பொதிக்கும் அதுவே, காசுக்கும் அதுவே, கொலைக்கருவிக்கும் அதுவே! பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்விடத்தில் முடியேந்தி நிற்கும் அரிமா வந்தது. வணிகன் ஆள்வோனான கதையை அவ்விரும்பே சொல்கிறது.

திப்புவின் சுடுகலன்களோ வேறு. புலிவரிகளும், அரபு எழுத்துகளால் அமைந்த புலித்தலையும் அவற்றின் அடையாளங்கள்.

இவ்விரும்பு நம் ஊர்ப்புறத்துக்குப் புதிதன்று. காஞ்சிக்கு அண்மையிலுள்ள புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஐதர் அலி, திப்பு ஆகியோரின் படை பெய்லியின் ஆங்கிலப் படையை முறியடித்தது, பெய்லி சிறைப்பட்டான். ஆயினும் இருபத்தோர் ஆண்டுகளில் நிலை மாறியது. 1801 அக்டோபரில் மருதிருவர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டுத் திசம்பர் முதல் நாள், சென்னை ஆளுநன் எட்வர்டு கிளைவின் அறிக்கை பாளையத்தார் படைக்கலன் ஏந்துவதைத் தடுத்தது. படைக்கலனை இழந்தோம், இன்று அதன் பொறியைப் படிக்கும் அறிவையும் இழந்து நிற்கிறோம்!

நம்மவர்க்கும் ஒரு சொல். கண்ட கீறலையெல்லாம் தமிழெழுத்து என்பது தமிழ்ப்பற்றாகாது. துப்பாக்கி என்னும் சொல் குறளிலேயே உண்டென்று மேடையில் முழங்குவோர் உளர். மழையைப் பாடும் அக்குறளில் அதற்கு உணவை ஆக்கி என்பதே பொருள். கருவிப் பெயரோ துருக்கி வழி வந்தது. அதனைச் சுடுகலன் என்போம். தமிழுக்குப் பொய்ப்பெருமை தேடோம்! பொய் ஒன்று வெளிப்படின் மெய் நூறும் ஐயத்துக்குள்ளாகும்.

திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நம் இளைஞர் நாள்தோறும் அயலார் பொறி தாங்கிய உறுப்புகளை இணைக்கின்றனர். ஓர் உறுப்பின் எண்ணைப் பிழையின்றிப் படிக்கும் கண்ணுக்கு வரலாற்றைப் படிக்க இயலாதா? இயலும்! கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டும். பழம்படைக்கலப் பொறிகளை வரைபடத்தோடு விளக்கும் கையேட்டை அரசு அருங்காட்சியகம் தமிழில் வெளியிடுக!

அதுவரை, பரணில் கிடப்பதை உப்புத்தாளால் தேய்க்காதீர். தேய்த்தால் சான்று அழியும். எடைக்குப் போடாதீர். நூறாண்டு கடந்த தொல்பொருளை உரிய இசைவின்றி அயல்நாட்டுக்கு விற்பது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

மாணவன் வாடிய முகத்தோடு சென்றான். மறுநாள் வந்து, “மற்றப் பொறிகளையும் படிக்கக் கற்றுத்தாருங்கள், ஐயா” என்றான். அதுவே தமிழ்மானம்!