ஜான் டென்வர் எந்த ஊர்க்காரர்?

ஹாஸ்டலில் யாராவது புதுசா கிட்டார் வாங்கினா, முதல் மாசத்துக்குள்ளயே பக்கத்து ரூம்காரங்களுக்கும் மனப்பாடம் ஆகிவிடுகிற பாட்டுகள் நாலஞ்சு இருக்கு. அதில் ஒன்று ‘டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்’. ஜி, இ மைனர், டி, சி என்று நாலு கார்டு தெரிந்தால் பெரும்பகுதியை ஒப்பேத்திடலாம். பாடுகிற பலருக்குப் பாடினவர் பேர் தெரியாது. தெரிஞ்சவங்களும் “ஜான் டென்வரா? ரொம்ப சாஃப்ட் மச்சி”ன்னு சொல்லிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிடுவாங்க.

அவர் உயிரோடு இருந்தபோதே அவரை இப்படி ஓரங்கட்டியவர்கள் உண்டு. பாப் விமர்சகர்களுக்கு அவர் ரொம்ப இனிப்பு. நாஷ்வில்லின் கன்ட்ரி இசைக்காரர்களில் சிலருக்கு அவர் ‘அசல்’ இல்லாத ஆள். இந்த ‘அசல்’ என்கிற அளவுகோலோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் ஆளைப் பார்ப்போம். 1943 டிசம்பர் 31 அன்று நியூ மெக்சிகோ மாநிலம் ராஸ்வெல்லில் பிறந்தார். உண்மையான பெயர் ஹென்றி ஜான் டாய்ச்செண்டார்ஃப் ஜூனியர். அப்பா விமானப்படை விமானி, வேக சாதனைகள் படைத்தவர். அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர் வரும்போதெல்லாம் வீடு மாறும், ஸ்கூல் மாறும். அரிசோனா, அலபாமா, டெக்சாஸ் என்று சுற்றிய பையனுக்குப் பாட்டி கொடுத்த பழைய கிப்சன் கிட்டார்தான் துணை. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் ஆர்கிடெக்சர் சேர்ந்தார், பாதியில் விட்டுட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் கிளம்பினார். அந்த நீளமான பெயர் மேடைக்குச் சரிப்படாது என்று சொன்னதால் கொலராடோவின் தலைநகரான டென்வரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அப்போது அவர் கொலராடோவில் குடியேறியிருக்கவில்லை. அங்கே போய் வாழ ஆரம்பித்தது 1970களின் தொடக்கத்தில்தான்.

அதாவது, வாழாத ஊரின் பெயரைத் தன் பெயரில் சுமந்தவர் அவர்.

‘கன்ட்ரி ரோட்ஸ்’ கதை இன்னும் மோசம். அந்தப் பாட்டைத் தொடங்கியவர்கள் பில் டேனாஃப், டாஃபி நிவர்ட் என்ற ஜோடி. மேரிலாந்து மாநிலத்தின் ஒரு சின்ன சாலையில் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது உதித்த பாட்டு அது. மேற்கு வர்ஜீனியாவில் அவர்கள் காலே வைத்ததில்லை. டேனாஃப் மாசசூசெட்ஸ்காரர். ஜானி கேஷுக்குக் கொடுக்கலாம்னு வைத்திருந்த பாட்டை 1970 டிசம்பர் கடைசியில் வாஷிங்டனில் டென்வரிடம் பாடிக் காட்ட, மூன்று பேரும் ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து முடித்தார்கள். பாட்டில் வருகிற நீலமலைத் தொடரும் ஷெனண்டோவா ஆறும்கூடப் பெரும்பாலும் பக்கத்து வர்ஜீனியாவில்தான் இருக்கின்றன, மேற்கு வர்ஜீனியாவை ஓரமாகத் தொட்டுவிட்டுப் போகின்றன. ஜியாகிரஃபி வாத்தியார் கையில் கிடைத்தால் மார்க் வராது.

ஆனால் நடந்தது என்ன? 1971இல் வெளியாகி பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. 1972இலிருந்து மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் போட்டிகளில் அதை வாசிக்கிறது. 1980இல் அவர்களுடைய புது ஸ்டேடியம் திறந்தபோது டென்வரே வந்து பாடினார். 2014இல் அந்த மாநிலம் அதைத் தன் அதிகாரபூர்வப் பாடல்களில் ஒன்றாக அறிவித்தது. “நீ எங்க ஊரா?”ன்னு கேட்க உரிமை உள்ளவர்கள் மேற்கு வர்ஜீனியாக்காரர்கள். அவர்களோ, கேட்பதை விட்டுவிட்டுச் சேர்ந்து பாடினார்கள்.

கேட்டவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். 1975இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் விருது விழா. ஆண்டின் சிறந்த கலைஞர் பெயரை அறிவிக்க மேடையேறினார், முந்தைய ஆண்டு அதே விருதை வாங்கிய சார்லி ரிச். உறையைப் பிரித்தார், லைட்டரை எடுத்தார், பேர் எழுதின சீட்டைக் கொளுத்திக்கொண்டே “ஜான் டென்வர்” என்றார். டென்வர் அப்போது ஆஸ்திரேலியாவிலிருந்து செயற்கைக்கோள் வழியாக நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். ரிச் கேலியாகச் செய்தாரா, கோபத்தில் செய்தாரா, குடியும் மருந்தும் சேர்ந்து செய்ய வைத்ததா என்று இன்றும் விவாதம் உண்டு. ஆனால் பார்த்தவர்கள் அதில் கண்ட அர்த்தம் ஒன்றுதான்: “இவன் நம்ம ஆள் இல்லை.”

என் கருத்து இதுதான். சொந்த ஊர் என்று ஒன்று நிலையாக இருக்கிறவனுக்கு அதைப் பற்றி ஏங்க நேரமே வருவதில்லை. அது இருக்கும், அவ்வளவுதான். ஏக்கம் என்பது இல்லாதவனுடைய சொத்து. ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஊர் என்று வளர்ந்த ஒருவர் வீடு திரும்புவதைப் பற்றிப் பாடியதில் போலித்தனம் எங்கே இருக்கு? அது அவருக்குக் கிடைக்காத விஷயம், அதனால்தான் குரலில் அத்தனை உண்மை. பாட்டு ஊர் விட்டு ஊர் போனதும் அதனால்தான். 1995இல் வந்த ஜிப்லி படமான ‘விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்’டில் டோக்கியோவின் ஒரு பள்ளிக்கூடப் பெண் இதே பாட்டை ஜப்பானியத்தில் எழுதப் பார்க்கிறாள். தன்னைச் சுற்றி இருப்பது கான்கிரீட் என்பதால் ‘கான்கிரீட் ரோடு’ என்று ஒரு கேலி வடிவமும் எழுதுகிறாள். மலை, ஆறு எதுவும் இல்லாத பெண்ணுக்கும் அந்தப் பாட்டில் இடம் இருந்தது.

சரி, ‘சாஃப்ட்’ என்கிற குற்றச்சாட்டுக்கு வருவோம். 1985 செப்டம்பரில் அமெரிக்க செனட்டில் ஒரு விசாரணை. இசைத்தட்டுகளில் எச்சரிக்கை லேபிள் ஒட்டலாமா என்பது கேள்வி. எதிர்த்துச் சாட்சி சொல்ல வந்தவர்கள் ஃபிராங்க் ஜப்பா, ட்விஸ்டட் சிஸ்டரின் டீ ஸ்னைடர், கூடவே ஜான் டென்வர். கண்ணாடி போட்ட இந்த நல்ல பையன் லேபிளுக்கு ஆதரவாகத்தான் பேசுவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். மலை உச்சியின் பரவசத்தைப் பாடிய தன் ‘ராக்கி மவுண்டன் ஹை’யைப் போதைப் பாட்டு என்று தப்பாகப் புரிந்துகொண்டு சில ரேடியோ நிலையங்கள் தடை செய்ததைச் சொல்லி, எந்த வகைத் தணிக்கையும் வேண்டாம் என்று அழுத்தமாகப் பேசினார். தன் பாட்டுகளுக்கு யாரும் லேபிள் ஒட்டப் போவதில்லை என்று தெரிந்தும், மற்றவர்களுக்காக வந்து உட்கார்ந்தார். 2007இல் கொலராடோ அந்தப் பாட்டையும் மாநிலப் பாடலாக ஏற்றுக்கொண்டது.

பசி ஒழிப்புக்காக 1977இல் தொடங்கிய ஹங்கர் புராஜெக்ட்டின் நிறுவனர்களில் ஒருவர். ஜிம்மி கார்ட்டர் அமைத்த உலகப் பசி ஆணையத்தில் இருந்தார். பனிப்போர் முடியும் முன்பே சோவியத் யூனியன் போய்ப் பாடினார். செர்னோபில் விபத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காக 1987இல் கீவ் நகரில் கச்சேரி செய்தார்.

இதையெல்லாம் சொல்லி அவரை மகானாக்க வேண்டாம். ‘ஆனீஸ் சாங்’ யாருக்காக எழுதினாரோ அந்த மனைவியோடு திருமணம் முறிந்தது. விவாகரத்தின்போது அவரிடம் வன்முறையாக நடந்ததைத் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். குடித்துவிட்டு கார் ஓட்டி 90களில் இருமுறை கைதானார். அந்தக் காரணமாகவே விமானம் ஓட்டத் தேவையான மருத்துவத் தகுதியை இழந்தார். இருந்தும் ஓட்டினார்.

1997 அக்டோபர் 12. கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடா. முந்தைய நாள்தான் கைக்கு வந்த லாங்-ஈஇசட் ரக விமானம், ஒருவர் தன் கையால் கட்டியது. கடலில் விழுந்து டென்வர் இறந்தார். வயது 53. பரிசோதனையில் உடலில் மது இல்லை. இங்கே நம்ம டிபார்ட்மென்ட் ஆட்கள் கவனிக்கணும். ஒரு டேங்கிலிருந்து இன்னொரு டேங்குக்கு எரிபொருளை மாற்றும் கைப்பிடி, மூல டிசைனில் விமானியின் கால்களுக்கு நடுவே இருக்கும். கட்டியவர், எரிபொருள் குழாய் காக்பிட்டுக்குள் வரக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். எந்தப் பக்கம் எந்த டேங்க் என்ற குறியீடும் இல்லை. திரும்பிக் கையை நீட்டினால், கால் தன்னையறியாமல் வலது ரட்டரை மிதிக்கும். எரிபொருள் நிரப்பாமலே கிளம்பியது, புது விமானத்தில் போதுமான பயிற்சி இல்லாதது, இந்தக் கைப்பிடி என எல்லாம் சேர்ந்ததுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. 2,700 மணி நேரத்துக்கும் மேல் பறந்த அனுபவம் கை கொடுக்கவில்லை. கைக்கு எட்டாத இடத்தில் வைத்த பாகம், நல்ல எண்ணத்தில் வைத்திருந்தாலும், ஆபத்தான பாகம்தான். இதுவும் அவர் விட்டுப்போன பாடம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு மனுஷனைப் பார்த்து “நீ அசலா?”ன்னு கேட்டால் இந்தக் கதையில் எதுவுமே தெரிய வராது. “நீ என்ன செய்தே?”ன்னு கேட்டால்தான் பாட்டும், செனட்டும், வன்முறையும், நிரப்பாத டேங்கும் எல்லாமே கணக்கில் வரும்.

நம்ம கேம்பஸிலும் இந்த முதல் கேள்விதான் அதிகம் ஓடுது. சிட்டிப் பையன் கல்ச்சுரல்ஸில் நாட்டுப்புறப் பாட்டு பாடினால் “சீன் போடுறான்”. கிராமத்துப் பொண்ணு இங்கிலீஷ் பாட்டு பாடினால் “பீட்டர் விடுறா”. டிரான்ஸ்ஃபரிலேயே வளர்ந்தவனிடம் “சொந்த ஊர் எது?”ன்னு கேட்டுவிட்டு, பதில் சொல்ல அவன் தடுமாறுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். அடுத்த முறை யாராவது மேடையில் தன்னுடையது இல்லாத ஒரு ஊரைப் பாடும்போது, ஆதார் கார்டைக் கேட்காமல் பாட்டைக் கேளுங்க. நல்லா இல்லைன்னா அப்புறம் தாராளமா கலாய்க்கலாம்.