பழைய அவுட்போர்டில் மிஸ்ஸிங்: ஊசியைத் திருகும் முன்

படகின் பின்பலகையில் மாட்டப்படும் பழைய இரண்டு வீச்சு அவுட்போர்டு எஞ்சின்களில் மிஸ்ஸிங் தோன்றியதும், அதாவது ஒரு சிலிண்டர் தன் முறை வரும்போது எரியாமல் தவறத் தொடங்கியதும், பட்டறைகளில் கை முதலில் நீள்வது கார்புரேட்டரின் ஊசித் திருகை நோக்கித்தான். அழுத்தம், மின்பொறி, எரிபொருள் ஆகிய மூன்றில் எது குறைகிறது என்று தெரிந்துகொள்ளாமலே ஊசியைத் திருகும் இந்தப் பழக்கம், குறையைத் தீர்க்காததோடு நல்ல எஞ்சினையும் கெடுக்கக் கூடியது என்பதை இத்துறையில் இருப்போர் அழுத்தமாகச் சொல்ல வேண்டிய தேவை இருக்கிறது. இவ்வகை எஞ்சினுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. உயவு எண்ணெய் பெட்ரோலில் கலந்தே உள்ளே செல்கிறது. ஆகவே ஊசியை இறுக்கிக் கலவையை மெலிவாக்குகிறவர் எரிபொருளோடு எண்ணெயையும் குறைத்துவிடுகிறார். வெப்பம் ஏற ஏற உயவு குறைந்து, பிஸ்டன் சிலிண்டர் சுவரில் பிடித்துக்கொள்ளும் நிலை உருவாகிறது. மிஸ்ஸிங்குக்கு உண்மையான காரணம் ஒரு வெடித்த காயிலாக இருந்திருந்தால், அதுவரை இல்லாத பெரிய சேதம் ஒன்று பழுதுபார்ப்பவர் கையாலேயே நேர்கிறது.

1909-இல் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் தம் மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்த காலம் தொட்டு அவுட்போர்டுகள் பல வடிவங்களில் வந்திருந்தாலும், இன்று பழுதுக்கு வரும் பழைய எஞ்சின்களில் கணிசமானவை 1950களிலும் 1960களிலும் செய்யப்பட்ட ஜான்சன், எவின்ரூட் இரட்டைச் சிலிண்டர் வகைகளே. 1936-இல் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்த இவ்விரு பெயர்களும் பிற்காலத்தில் பெரும்பாலும் ஒரே உள்ளமைப்பைப் பகிர்ந்துகொண்டன. நடுத்தர ஆற்றல் கொண்ட பல மாதிரிகளில், மின்பொறியை உண்டாக்கும் ஒரே வகை மேக்னெட்டோ நெடுங்காலம் மாறாமல் பயன்பட்டது. தாய் நிறுவனம் 2000 டிசம்பரில் நொடித்துப்போய், பின்னர் வந்த உரிமையாளர் 2020-இல் எவின்ரூட் அவுட்போர்டு உற்பத்தியையே நிறுத்திவிட்ட நிலையில், ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்து விடை தேடும் வழி செலவு மிகுந்தது மட்டுமன்று, கிடைத்தற்கரிய மூலப் பாகங்களைக் காரணமின்றிக் கழித்துக்கட்டுவதும் ஆகும்.

சோதனை தொடங்க வேண்டிய இடம் அழுத்தம். இரண்டு பிளக்குகளையும் கழற்றிவிட்டு அழுத்தமானியை மாட்டிக் கயிற்றை இழுத்துப் பார்க்கையில், எண் எவ்வளவு என்பதைவிட இரு சிலிண்டர்களுக்கும் இடையே பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருக்கிறதா என்பதே முதன்மையான கேள்வி. இரண்டும் சமமாகக் குறைந்திருந்தால் சிலிண்டர்களுக்கு நடுவிலுள்ள ஹெட் கேஸ்கட் எரிந்திருக்கக் கூடும். பிளக் துளை வழியே விளக்கடித்துப் பார்க்கும்போது ஒரு பிஸ்டனின் தலை கரி படிந்தும் மற்றொன்றின் தலை கழுவிவிட்டதுபோல் பளபளத்தும் இருக்குமானால், பளபளக்கும் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து நீராவியாகிக் கரியை அரித்திருக்கிறது என்று கொள்ளலாம். அங்கே மேக்னெட்டோவை ஆராய்வது வீண்.

அழுத்தம் சரியாக இருந்தால், எந்தச் சிலிண்டர் தவறுகிறது என்பதை எஞ்சினை ஓட்டித்தான் கண்டறிய வேண்டும். எஞ்சின் சோதனைத் தொட்டியின் நீரில் நிற்பது கட்டாயம். உலர ஓட்டினால் நீரிறைக்கும் ரப்பர்ச் சக்கரம் சிறிது நேரத்திலேயே கருகிவிடும். ஓடும் எஞ்சினில் ஒரு பிளக்கின் வயரை எடுக்கும்போது வேகம் சரிந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது; சரியாவிட்டால் குறை அங்கேதான். எடுத்த வயரை அந்தரத்தில் தொங்கவிடாமல் எஞ்சின் உடலோடு எர்த் செய்ய வேண்டும் என்பது பலர் கவனிக்காத நுட்பம். வெளியேற வழியில்லாத உயர்மின்னழுத்தம் காயிலின் உள்காப்பைத் துளைத்துக்கொண்டு பாயும் என்பதால், சோதனையே புதிய குறையொன்றை உண்டாக்கிவிடும்.

பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடலில் ஒட்டி வைத்து, கயிற்றை இழுத்து, நீலப் பொறி தெரிந்தவுடன் 'கரண்ட் வருகிறது' என்று முடிவுகட்டும் வழக்கத்தைத் துறை இனியாவது கைவிட வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையின் ஊடே பொறி பாய, திறந்த காற்றில் பாய்வதைவிட மிக அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது. 0.75 மில்லிமீட்டர் பிளக் இடைவெளியை வெளியில் தாண்டும் பொறி உள்ளே தோற்றுப்போகலாம். ஆகவே இடைவெளியை மாற்றத்தக்க பொறிச் சோதனைக் கருவியைச் சுமார் 6 மில்லிமீட்டருக்கு வைத்து, அதைத் தாண்டும் வலுவான பொறியையே ஏற்க வேண்டும். இதைவிடவும் தெளிவான விடை தருவது டைமிங் விளக்கு. தனி 12 வோல்ட் மின்கலத்தோடு இணைத்த அந்த விளக்கின் கவ்வியைத் தவறும் சிலிண்டரின் வயரில் மாட்டி, எஞ்சினைக் கியரில் போட்டுச் சுமையோடு ஓட்டும்போது, மிஸ்ஸிங் கேட்கும் அதே கணத்தில் விளக்கின் ஒளியும் விட்டுப்போனால் குறை மின்பகுதியில் இருக்கிறது. ஒளி தவறாமல் வந்துகொண்டேயிருக்க எஞ்சின் மட்டும் தடுமாறினால், முதலில் பிளக்கை மாற்றிப் பார்த்துவிட்டு, குறையை எரிபொருள் வழியிலோ கிராங்க் அறையின் சீல்களிலோ தேட வேண்டும்.

மின்பகுதி என்று உறுதியானால் ஃப்ளைவீலைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. விளிம்பில் தட்டியோ நெம்பியோ எடுக்காமல், நடுவிலுள்ள மூன்று துளைகளில் புல்லரைப் பொருத்தி இழுப்பதே முறை. அடியிலுள்ள தட்டில் சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு காயில், இரண்டு பாயிண்ட், இரண்டு கண்டென்சர் அமைந்திருக்கும். 1950களின் மூலக் காயில்களில் வெளியுறை நாள்பட வெடிப்பு விட்டிருப்பது மிகப் பரவலான குறை. குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடி, சூடேறிய பின் மட்டும் தவறும் எஞ்சினில் முதல் ஐயம் இதன்மேல் விழ வேண்டும். பாயிண்ட் முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது சுமார் அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இது கூடினால் பொறி முந்தியும் குறைந்தால் பிந்தியும் விழும் என்பதால், ஒரு சிலிண்டரின் இடைவெளி மட்டும் மாறினாலே எஞ்சின் சீரின்றி ஓடும். பாயிண்டை மணல்தாளால் தேய்க்கக் கூடாது. உதிரும் துகள் உலோகத்தில் புதைந்து மீண்டும் தொடர்பைக் கெடுக்கும். புதிய பாயிண்டிலும் துருத்தடுப்பு எண்ணெய்ப் படலம் இருக்கும் என்பதால், ஆல்கஹாலில் நனைத்த அட்டைத்துண்டை இடையில் செருகி இழுத்துத் துடைத்த பிறகே பொருத்த வேண்டும்.

இந்த அமைப்பில் கூர்ந்து பார்க்க வேண்டிய இன்னோர் இடம் உண்டு. வேகப்பிடியைத் திருப்பும்போதெல்லாம் பொறி நேரத்தை முன்னுக்குக் கொண்டுவர மேக்னெட்டோவின் தட்டும் சேர்ந்து சுழல்வதால், அதிலிருந்து வெளிவரும் வயர்கள் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்கின்றன. ஆண்டுகள் பல ஆனதும் உறை தேய்ந்து, தட்டு ஒரு குறிப்பிட்ட நிலைக்கு வரும்போது மட்டும் வயர் இரும்பில் பட்டு ஷார்ட் ஆகிறது. பாதி வேகத்தில் மட்டும் தவறி, அதற்கு மேலும் கீழும் சரியாக ஓடும் எஞ்சின்களைக் கார்புரேட்டர் குறை என்று தள்ளிவிடுவதற்கு முன், கையால் தட்டை மெல்லச் சுழற்றி வயர்களை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பது நன்று. ஃப்ளைவீலைத் தண்டில் நிலைநிறுத்தும் அரைவட்டக் கீ சற்றே அறுந்திருந்தாலும் இரு சிலிண்டர்களின் பொறி நேரமும் ஒருசேரப் பிசகும். கீயின் விளிம்பை நகத்தால் தடவினாலே அறுந்ததால் உண்டான படி புலப்படும்.

எரிபொருள் வழியைப் பொறுத்தவரை, 1950களின் இவ்வகை எஞ்சின்கள் பலவற்றில் பம்ப் இல்லை. கிராங்க் அறையின் அழுத்தக் காற்றே இரட்டைக் குழாயின் ஒரு வழியாகத் தொட்டிக்குள் சென்று, மறு வழியாகப் பெட்ரோலைத் தள்ளுகிறது. தொட்டி மூடியின் கேஸ்கட் காய்ந்து காற்று கசிந்தால், சில நிமிடங்கள் நன்றாக ஓடிய எஞ்சின் முழு வேகத்தில் தடுமாறும். அந்நேரத்தில் தொட்டியின் மேலுள்ள பிரைமர் பொத்தானை அழுத்தும்போது எஞ்சின் தெளிந்தால் விடை கிடைத்துவிட்டது. கார்புரேட்டர் ஊசிக்கு வேலை வருவது இவற்றுக்கெல்லாம் பிறகுதான். அதுவும் நீரில், சுமையோடு, சூடான எஞ்சினில் மட்டுமே. மெலிந்த கலவையில் எஞ்சின் கார்புரேட்டர் வழியே தும்மும். கொழுத்த கலவையில் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரியும்.

பாயிண்டைத் துடைத்து, இடைவெளி வைத்து, நன்றாக ஓடிச் சென்ற எஞ்சின் சில வாரங்களில் அதே மிஸ்ஸிங்கோடு திரும்பி வருவதும், ஃப்ளைவீலை எடுத்தால் பாயிண்ட் மீது எண்ணெய் தெறித்திருப்பதும் பட்டறைகளுக்குப் பழக்கமான காட்சி. கிராங்க் தண்டின் மேல்முனைத் தாங்கியும் சீலும் தேய்ந்து, அறையிலிருந்து எண்ணெய்க் கலவை மேலே ஏறுவதே இதன் காரணம். ஃபீலர் தகட்டைப் பாயிண்டில் செருகி வைத்துத் தண்டைப் பக்கவாட்டில் கையால் அசைக்கும்போது தகடு ஒரு கணம் இறுகி, மறு கணம் தளர்ந்தால் தாங்கி தேய்ந்தது உறுதி. அத்தகைய எஞ்சினுக்கு எத்தனை முறை பாயிண்ட் மாற்றினாலும் பயனில்லை. கீழ்முனைச் சீல் தேய்ந்தால் கீழ்ச் சிலிண்டர் மட்டும் காற்றையும் புகைபோக்கியின் வாயுவையும் உறிஞ்சித் தவறும். அதற்கும் மேக்னெட்டோவிலோ கார்புரேட்டரிலோ மருந்தில்லை. கிராங்க் அறையைப் பிளந்து சீலும் தாங்கியும் மாற்ற ஆகும் செலவை உரிமையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லி, அவர் வேண்டாம் என்றால் எஞ்சினை அந்த நிலையிலேயே, குறை இன்னதென்று எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்புவதே பட்டறையின் கடமை. ஊசியை இரண்டு சுற்றுத் திருகி ஓசையை மறைத்து அனுப்பிவிட்டால், கரையிலிருந்து வெகுதூரத்தில் அந்த எஞ்சின் பிடித்து நின்றுபோகும் அபாயம் அவர் தலையில் விழுகிறது.