நிலக்காட்சியில் மனித உரு

நிலக்காட்சியைத் தீட்டும் ஓவியன் சிற்சில வேளைகளில் அதனிடையே மனித உரு ஒன்றையும் வரைகின்றான். அவ்வுருவில் கண்ணும் மூக்கும் தெளிவாகத் தோன்றா. இரண்டு மூன்று கோடுகளே காணப்படும். சிலர் அதனை வெற்றிடம் நிரப்ப வைத்த பொம்மை என்று கருதிக் கடந்து செல்வர்; சிலர், ‘இவன் யார்?’ என்று பெயர் தேடுவர். இவ்விரண்டும் பொருந்தா. அவன் செய்யும் தொழில் யாது, அந்நிலத்திற்கும் அவனுக்கும் உள்ள உறவு யாது என ஆராய்வதே தக்கது.

இம்முறை தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார்; மரம், விலங்கு, பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார்; மக்களின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றார். இம்மூன்றனுள் உரிப்பொருளுக்கே தலைமை உண்டு. ஓவியத்துள்ளும் பரப்பு நிலத்திற்கு உரியதாயினும், பொருள் மனிதனைச் சார்ந்தே விளங்கும்.

ஒல்லாந்து நாட்டில் பிறந்த வான்கோ என்னும் ஓவியர், 1889-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மனநோய் மருத்துவமனை ஒன்றில் தங்கியிருந்தார். ஆங்குச் சன்னல் வழியே கண்ட கோதுமை வயலை அவர் தீட்டினார். பொன்னிற வயலினுள் அறுவடை செய்யும் ஒருவன் சிறிதாகத் தோன்றுகின்றான். அவனிடத்து மரணத்தின் சாயலைக் கண்டதாகவும், அறுபடும் கதிர்கள் மாந்தரைக் குறிப்பன என்றும், எனினும் அம்மரணத்தில் துயரம் இல்லை என்றும் அவர் தம் தம்பிக்கு எழுதினார். அவ்வுருவை நீக்கிவிடின் எஞ்சுவது வெறும் வயலே.

ஆயினும், மனம் போனவாறு பொருள் கற்பித்தல் கூடாது. உருவின் அளவு, அது நோக்கும் திசை, கையிலுள்ள கருவி, அதன்மேல் விழும் ஒளி ஆகியவற்றினின்றே பொருள் பிறத்தல் வேண்டும்.

நெய்வேலியைத் தீட்டப் புகும் மாணவனுக்கும் இக்கருத்துத் துணை செய்யும். 1930-களில் சம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். ஆங்கு மண்ணை அகழும் எந்திரங்கள் மாளிகை போல் உயர்ந்தவை. அவற்றை வரைவோன் தொழிலாளியை எறும்பளவே காட்ட இயலும். அச்சிறுமை இழிவன்று. எந்திரத்தின் பெருமையை அளக்கும் கோல் அவனே. அதனை இயக்கும் அறிவும் அவனதே.

இன்னும் ஒன்று உண்டு. அச்சுரங்கத்திற்காகத் தம் ஊரையும் வயலையும் விட்டுப் பெயர்ந்த உழவரும் அந்நிலத்து மக்களே. பள்ளத்தின் விளிம்பில் ஏர் சுமந்த உழவன் ஒருவனை நிறுத்தினால், அவ்வொரு சிற்றுரு நெடிய வரலாற்றைக் கூறும். எந்திரத்தை மட்டும் தீட்டும் ஓவியம் விளக்கின் ஒளியைக் காட்டும். அவ்வொளிக்கு மக்கள் தந்த விலையைக் காட்டாது.

ஆதலின், நிலக்காட்சியைக் காண்போர் அதனுள் மனிதனைத் தேடிக் காண்க. வரைவோர் அவனை மறவாது வரைக.