பழைய காருக்கு ஐம்பது சட்டங்கள்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துக்காரர் ஒருவர், 1959-ஆம் ஆண்டின் ஷெவர்லே கார்வெட் கார் ஒன்றை 2016-ல் இன்டியானா மாநிலத்தில் வாங்கினார். விலை சுமார் 50,000 டாலர். கையில் இருந்த உரிமைப் பத்திரத்தில் குறை ஏதும் இல்லை. ஊருக்குக் கொண்டுவந்து பதிவுசெய்யப் போனபோதுதான் சிக்கல் தொடங்கியது. அங்கே நெடுஞ்சாலைக் காவல் துறை சோதித்துப் பார்த்த பிறகுதான் வெளிமாநில வண்டிக்குப் பதிவு கிடைக்கும். வண்டி எண் பொறித்த தகட்டை யாரோ எப்போதோ கழற்றி, மறுபடி ரிவெட் அடித்திருப்பதைச் சோதனையில் கண்டுபிடித்தார்கள். பழைய காரைப் புதுப்பிக்கும்போது பெயின்ட் அடிப்பதற்காகத் தகட்டைக் கழற்றி மாட்டுவது பட்டறைகளில் நடப்பதுதான். ஆனால் கான்சஸ் சட்டத்தில் அதற்கு இடமில்லை. தகட்டில் கைவைத்த வண்டி சட்டவிரோதப் பொருள். அதை அழித்துவிட வேண்டும். வாங்கியவர்மீது தவறில்லை என்று அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டும் கார் பறிமுதல் ஆனது. ஆண்டுக்கணக்கில் வழக்கு இழுத்தது. 2022-ல் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தி, புதுப்பிப்பதற்காகத் தகட்டைக் கழற்றிய பழங்கால வண்டிகளுக்கு விலக்கு அளித்த பிறகே விடிவு பிறந்தது.

ஒரு மாநிலத்தில் உரிமைப் பத்திரத்தோடு கைமாறிய சொத்து, இன்னொன்றில் குற்றப்பொருள். இதைக் கான்சஸ் அதிகாரிகளின் முரட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. புதிய கார் எப்படி இருக்க வேண்டும் என்பதை அமெரிக்காவில் மத்திய அரசு வகுக்கிறது. சாலைக்கு வந்துவிட்ட காரைப் பதிவுசெய்வதும், அதற்கு நம்பர் பிளேட் கொடுப்பதும், வரி வாங்குவதும் மாநிலங்களின் வேலை. புதிய கார் விஷயத்தில் இந்தப் பிரிவினை தொந்தரவு தருவதில்லை. 17 எழுத்து, எண்களைக் கொண்ட வண்டி எண் 1981 முதல் நாடு முழுவதும் ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தைய வண்டிகளில் ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி எண் அடித்தது. ஃபோர்டு மாடல் டி வண்டிக்கு இன்ஜின் எண்தான் அடையாளம். இன்ஜினை மாற்றினால் அடையாளமும் மாறிப்போகும். அப்படிப்பட்ட வண்டி மாநில எல்லையைத் தாண்டும்போது, இந்தக் காகிதத்தில் இருப்பது இந்த வண்டிதானா என்ற கேள்விக்குக் கறாரான விடை கிடைப்பது அரிது.

எது பழைய கார் என்பதிலேயே ஒற்றுமை இல்லை. பெரும்பாலான மாநிலங்களின் கணக்கு 25 ஆண்டு. பென்சில்வேனியா 25 ஆண்டான வண்டிக்கு ஒரு வகை பிளேட்டும், 15 ஆண்டைக் கடந்ததற்கு இன்னொரு வகையும் தருகிறது. வாஷிங்டன் மாநிலம் 30 ஆண்டு கேட்கிறது. மினசோட்டாவில் 1936-க்கு முன் செய்த வண்டிகளுக்கெனத் தனி வகை உண்டு. கலிஃபோர்னியாவில் 1922-க்குப் பிந்தைய, 25 ஆண்டான, சேகரிப்பு மதிப்புள்ள வண்டிக்கு ஒன்று. அதற்கு முந்தைய ‘குதிரையில்லா வண்டி’களுக்கு வேறொன்று. 1965-க்கு முந்தைய 16 சிலிண்டர் கார்களையும் அந்தக் குதிரையில்லா வண்டிக் கூட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். அந்த வரியை எழுதவைத்தவர் வீட்டில் ஒரு பழைய காடிலாக் நின்றிருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

வயது வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உண்மையான கோளாறு, இந்த பிளேட் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. இது ஒரு பேரம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டாம், பாதுகாப்புச் சோதனை வேண்டாம், பல இடங்களில் புகைச் சோதனையும் வேண்டாம் என்று அரசு விட்டுக்கொடுக்கிறது. பதிலுக்கு, இந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு எடுக்க மாட்டேன் என்று உரிமையாளர் வாக்குக் கொடுக்கிறார். அரசு விட்டுக்கொடுப்பதை டாலரில் கணக்கிடலாம். உரிமையாளர் விட்டுக்கொடுப்பதை யார் கணக்கிடுவது?

வர்ஜீனியாவைப் பாருங்கள். அங்கே 25 ஆண்டான காருக்கு ஒருமுறை பணம் கட்டினால் நிரந்தர பிளேட். ஆண்டுச் சோதனை கிடையாது. இந்தச் சலுகைக்காகவே ஓட்டை உடைசல் கார்களில் பழங்கால பிளேட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தவர்கள் பெருகியதால், 2007-ல் விதிகளை இறுக்கினார்கள். அன்றாடப் பயணத்துக்கு வேறொரு வண்டி இருக்க வேண்டும். வேலைக்குப் போய்வர இதை எடுக்கக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், சங்க நிகழ்ச்சி, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு எடுக்கலாம். எப்போதாவது ஆசைக்கு ஒரு சுற்று போகலாம், வீட்டிலிருந்து 250 மைலுக்குள். 250 மைல் என்றால் 400 கிலோமீட்டர். தலைநகர் ரிச்மண்டிலிருந்து கிளம்பினால் வாஷிங்டன் நகரத்தையும் பால்டிமோரையும் தாண்டிப் போனாலும் வரம்பு தீராது. ஆசைக்குப் போகிறாரா அலுவலகத்துக்குப் போகிறாரா என்பதைச் சாலையோரக் காவலர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பென்சில்வேனியாவில் வாரத்துக்கு ஒரு நாளுக்கு மேல் ஓட்டக் கூடாது. இன்று ஓட்டியது இந்த வாரத்தின் முதல் நாளா இரண்டாம் நாளா என்று எந்தப் பதிவேட்டில் பார்ப்பது?

மிச்சிகன் இதில் தனி ரகம். சங்க நிகழ்ச்சி, கண்காட்சி, ஊர்வலம் என்று வழக்கமான பட்டியலைப் போட்டுவிட்டு, ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் சாதாரணமாக ஓட்டிக்கொள்ளலாம் என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் சாலையில் பழைய கார்களின் பெரும் அணிவகுப்பு நடப்பது ஆகஸ்டில்தான். கார் வளர்ந்த ஊரில் காருக்குத் திருவிழாக்கால விலக்கு! படித்ததும் சிரிப்பு வருகிறது. ஆனாலும் மற்ற மாநிலங்களின் விதிகளைவிட இதில் நேர்மை அதிகம். ஆகஸ்டா இல்லையா என்பதைக் காவலர் நாட்காட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம். சோதிக்க முடிந்த விதி இது.

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டால், எல்லோரும் தளர்ந்த விதியைத் தேடித்தான் போவார்கள். வெர்மான்ட் மாநிலத்தின் கதை இதற்குச் சாட்சி. இந்தியாவில் ஆர்சி புக் ஒன்றே பதிவுக்கும் உரிமைக்கும் ஆதாரமாக நிற்கிறது. அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் வேறு, பதிவுச் சான்று வேறு. கொட்டகையில் முப்பது, நாற்பது ஆண்டு தூசிபடிந்து கிடந்த காரை வாங்குபவருக்குக் கார் கிடைக்கும், பத்திரம் கிடைக்காது. பத்திரம் இல்லாமல் சொந்த மாநிலத்தில் பதிவு கிடைக்காது. வெர்மான்ட்டிலோ 15 ஆண்டைக் கடந்த வண்டிக்கு உரிமைப் பத்திரமே தேவையில்லை. விற்பனை ரசீது போதும். போதாக்குறைக்கு, அந்த மாநிலத்தில் குடியிருக்காதவரும் தபாலிலேயே விண்ணப்பித்துப் பதிவும் பிளேட்டும் பெற முடிந்தது. நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் விண்ணப்பங்கள் குவிந்தன. அந்தப் பதிவைக் காட்டிச் சொந்த மாநிலத்தில் முறையான பத்திரம் வாங்கிக்கொண்டார்கள். 2023-ல் வெர்மான்ட் இந்தக் கதவை அடைத்தது. திருட்டு வண்டியைச் சுத்தமாக்க இது வழியாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் கதவு அடைபட்டதால் தாத்தா விட்டுச்சென்ற காரை ஓட்ட நினைத்த பேரனுக்கும் வழி போயிற்று. திருடனையும் பேரனையும் பிரித்துப் பார்க்கும் எளிய நடைமுறையைப் பெரும்பாலான மாநிலங்கள் உருவாக்கியிருந்தால், வெர்மான்ட்டுக்கு அத்தனை தபால் போயிருக்காது.

எதிர்த்திசையிலும் இதே குழப்பம் உண்டு. வெளிநாட்டுக் கார் 25 ஆண்டைக் கடந்துவிட்டால், அமெரிக்கப் பாதுகாப்புத் தரத்துக்குள் வராவிட்டாலும் இறக்குமதி செய்யலாம் என்பது மத்திய அரசின் விதி. அதை நம்பி ஜப்பானிலிருந்து ‘கே’ வகைக் குட்டி லாரிகளை ஏராளமானோர் வரவழைத்தார்கள். துறைமுகத்தில் தடையில்லை, சுங்க வரியும் கட்டியாயிற்று. பிறகு சில மாநிலங்கள், இவை சாலைக்குப் பாதுகாப்பற்றவை என்று பதிவை மறுத்தன. ரோட் ஐலண்ட் போன்றவை கொடுத்த பதிவையே ரத்து செய்தன. உரிமையாளர்கள் திரண்டு எதிர்த்த பிறகு 2024-ல் டெக்சஸும் மாசசூசெட்ஸும் பின்வாங்கின. 1930-களின் ஃபோர்டு, சீட் பெல்ட்கூட இல்லாமல், பழங்கால பிளேட்டோடு அதே சாலைகளில் போகிறது. பாதுகாப்புதான் காரணம் என்றால் முதலில் நிறுத்த வேண்டியது எதை?

அந்தந்தக் காலத்து பிளேட்டையே காரில் மாட்டிக்கொள்ளவும் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. 1950-களின் காருக்கு அதே ஆண்டில் அதே மாநிலம் வெளியிட்ட அசல் தகட்டைத் தேடிப்பிடித்து வாங்கி, அந்த எண்ணிலேயே பதிந்துகொள்ளலாம். பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில் இலையுதிர்காலத்தில் நடக்கும் பழைய கார் சந்தையில் துருப்பிடித்த தகடுகளுக்கும் கிராக்கி உண்டு. அரசுக்கு இதில் பெரிய இழப்பில்லை; வண்டி வைத்திருப்பவருக்கோ அளவில்லாத மகிழ்ச்சி. இப்படிப்பட்ட விதிகள் இன்னும் வரட்டும்.

இந்த விதிகளையெல்லாம் ஒன்றாகப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: வண்டி எங்கே போகிறது என்பதைக் கட்டுப்படுத்தும் விதி தோற்கும், வண்டி எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்கும் விதி நிற்கும். ஜெர்மனி 1997 முதல் இரண்டாவது வழியில் போகிறது. 30 ஆண்டைக் கடந்த கார், அசல் நிலையில் நன்கு பராமரிக்கப்பட்டிருப்பதாக நிபுணர் ஆய்வுசெய்து சான்றளித்தால், எண்ணின் கடைசியில் ‘எச்’ எழுத்தோடு பிளேட் கிடைக்கும். இன்ஜின் எவ்வளவு பெரிதானாலும் ஆண்டு வரி சுமார் 192 யூரோ. தினமும் ஓட்டினாலும் யாரும் கேட்கப் போவதில்லை; வழக்கமான தொழில்நுட்பச் சோதனை மட்டும் தொடரும். அழுக்கும் துருவுமாக இருக்கும் கார் வாசலிலேயே நின்றுவிடும். அமெரிக்கா அப்படியே இதைப் பின்பற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. அங்கே காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்கெனவே பாதி வேலையைச் செய்கின்றன. சேகரிப்புக் காருக்குக் குறைந்த பிரீமியம் வேண்டுமானால் அன்றாட ஓட்டத்துக்கு வேறு வண்டி இருப்பதைக் காட்டு, கொட்டகையில் நிறுத்து என்று கேட்கின்றன. கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான கார்களுக்குத்தான் புகைச் சோதனையிலிருந்து முழு விலக்கு. 35 ஆண்டைக் கடந்த, சேகரிப்புக் காப்பீடு உள்ள வண்டிகளுக்கும் அதை விரிவாக்க, தொலைக்காட்சிப் புகழ் ஜே லெனோவின் ஆதரவோடு ஒரு மசோதா வந்தது. 2025-ல் அது குழு நிலையிலேயே முடங்கியது. விலக்கைக் காப்பீட்டோடு கட்டிய அந்த யோசனையையாவது காப்பாற்றியிருக்கலாம்.

ஐம்பது சட்டக் குழப்பத்தில் இந்தியா விழவில்லை. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விண்டேஜ் வண்டிகளுக்கென நாடு முழுமைக்கும் ஒரே விதி கொண்டுவந்தது. 50 ஆண்டைக் கடந்த, அசல் நிலை மாறாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிக்கு டிஎன் விஏ என்பதுபோல மாநில எழுத்தோடு ‘விஏ’ சேர்த்த பதிவெண். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும்; மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எம்எஸ் என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் மாநில எண் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் அமெரிக்காவின் பலவீனத்தை நம் விதியும் சுமக்கிறது. கண்காட்சி, ஆய்வு, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாமாம். ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிறுத்தப்படுபவர், பெட்ரோல் போடப் போகிறேன் என்றால் மறுப்பது யார்? இதைவிடப் பெரிய குறை வயது வரம்பில் இருக்கிறது. தனியார் காரின் முதல் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்சி காட்டிப் புதுப்பிக்க வேண்டும், கட்டணமோ ஏறிக்கொண்டே போகிறது. டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் வண்டிகளுக்கான தடையை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதிசெய்தது. அதன் அமலாக்கம் முன்னும் பின்னுமாக இழுபடுகிறது. 15-ல் கழிசல், 50-ல் பாரம்பரியம். இடையிலுள்ள 35 ஆண்டுகளைச் சட்டம் கணக்கிலேயே எடுக்கவில்லை. அந்த இடைவெளியைத் தாண்டி உயிரோடு வரும் கார்தானே நாளைய விண்டேஜ்?

சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டுக்கு விஏ தகுதி வந்துவிட்டது; 1970-களின் கெஸல் இப்போதுதான் வரம்பைத் தொடுகிறது. அதே நிறுவனம் 1985-ல் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000 காருக்கு 2035 வரை எந்தத் தகுதியும் இல்லை. முதல் மாருதி 800-கள் 2033-ல் தகுதி பெறும். 30 ஆண்டில் ஓர் இடைநிலைப் பதிவு கொடுக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட நிபுணர் வண்டியின் அசல் தன்மையைச் சான்றளிக்கட்டும். ஒவ்வொரு எஃப்சியிலும் ஓடோமீட்டர் அளவைக் குறித்துக்கொண்டு, ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு வைக்கட்டும். அதற்குள் ஓட்டுபவர் எங்கே போகிறார் என்ற கேள்வியே வேண்டாம். வாகன வரி மாநிலப் பட்டியலில் இருப்பதால், மத்திய அரசின் திருத்தத்துக்குக் காத்திராமல் இந்த வகை வண்டிகளுக்கு வரிச்சலுகையைத் தமிழ்நாடு தன் அளவில் முதலில் அறிவிக்கலாம்.