பால் பல்தானே என்று விடலாமா?

வேலூர் லாங் பஜாரில் எந்நேரமும் கூட்டம். சாமான் வாங்க வரும் தாய்மார்கள் குழந்தைகளையும் அழைத்து வருகிறார்கள். குழந்தை அழுதால் கையில் ஒரு மிட்டாய். உடனே அழுகை நின்றுவிடுகிறது!

மிட்டாய் வாங்கிக் கொடுப்பது குற்றமல்ல. அன்று இரவு அந்தக் குழந்தை பல் துலக்கிவிட்டுத் தூங்குகிறதா? அதுதான் கேள்வி.

வேல மரங்கள் நிறைந்த ஊர் என்பதால் வேலூர் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஆலும் வேலும் பல்லுக்கு நல்லவை என்பது பெரியவர்கள் வாக்கு. அந்த ஊரிலே குழந்தைகள் சொத்தைப் பல்லோடு வளரலாமா?

"பால் பல்தானே! விழுந்து முளைக்கும்" என்று பலர் சொல்கிறார்கள். இது தவறு.

பால் பற்கள் மொத்தம் 20. இவற்றில் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. புதுப் பல்லுக்கு இடம் காத்து வைப்பவை அவையே. முன்னதாகவே அவை போய்விட்டால், பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். புதுப் பல் கோணலாக முளைக்கும்.

6 வயதுவாக்கில், பால் பற்களுக்குப் பின்னால் 4 பெரிய பற்கள் முளைக்கின்றன. எந்தப் பல்லும் விழாமலே இவை வருவதால், பெற்றோர் பால் பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். இவை நிலையான பற்கள். போனால் திரும்ப வாரா!

பல்லை அரிப்பது புழு அல்ல. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இனிப்பை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலமே பல்லை அரிக்கிறது. தூங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடுவதால், இரவில் கெடுதல் அதிகம். பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்க விடக் கூடாது.

முதல் பல் தெரிந்த நாளிலிருந்தே துலக்கிவிட வேண்டும். காலையில் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை. மெல்லிய பிரஷ் போதும். புளோரைடு கலந்த பற்பசை 3 வயது வரை அரிசி அளவு. பிறகு பட்டாணி அளவு. விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும். கரியும் செங்கல் தூளும் பல்லைத் தேய்த்துவிடும், அவை வேண்டாம். 7, 8 வயது வரை பெரியவர்கள் கூட இருந்து துலக்கிவிடுவது அவசியம்.

ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் வேலை முடிந்து களைத்து வரும் தாய்க்கு இது பாரமாகத் தோன்றலாம். ஆனால் ஆகும் நேரம் 2 நிமிடம். பல்வலியால் குழந்தை துடித்தால், ஓர் இரவுத் தூக்கமும் ஒரு நாள் கூலியும் போகும்.

குழந்தை சொல்லிக் கேட்பதைவிடப் பார்த்துக் கற்பது அதிகம். இன்றிரவு அப்பாவும் அம்மாவும் பிரஷை எடுக்கட்டும். குழந்தையும் எடுக்கும்!