லைஃப்டைம் கியர் ஆயிலாம்... யாரோட லைஃப்டைம்?

கார் வெச்சிருக்கற மக்கள்கிட்ட ஒரு கேள்வி. இன்ஜின் ஆயில் எப்ப மாத்துனீங்கன்னு கேட்டா தேதி, கிலோமீட்டர் எல்லாம் டாண் டாண்னு சொல்லுவீங்க. கியர்பாக்ஸ் ஆயில்? பாதிப் பேர் திருதிருன்னு முழிப்பீங்க. மீதிப் பேர் "அது லைஃப்டைமுங்க, மாத்தவே வேண்டாம்னு சர்வீஸ்ல சொன்னாங்க"ம்பீங்க.

இந்த 'லைஃப்டைம்'ங்கற வார்த்தை மேலதான் எனக்குக் கடுப்பு. யாரோட லைஃப்டைம்? வண்டியோடதா, வாரண்டியோடதா, முதல் ஓனரோடதா? ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செஞ்சு பெரிய பெரிய கம்பெனிகளுக்கு விக்கற ஜெர்மனி இசட்.எஃப் கம்பெனியே, தன்னோட பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள்ள, இல்லாட்டி 8 வருஷத்துக்குள்ள ஆயில் மாத்தச் சொல்லுது. பெட்டிய செஞ்சவனே மாத்துங்கறான், அத வாங்கி வண்டியில மாட்டி விக்கறவன் வேண்டாங்கறான். யார் சொல்றத கேக்கறது?

ஒண்ணு ஒத்துக்கணும். கியர் ஆயில் இன்ஜின் ஆயில் மாதிரி சீக்கிரம் கெடாது. உள்ள எரியற சமாச்சாரம் இல்ல, கரி சேராது. ஆனா பல்லும் பல்லும் தேயற இரும்புத் தூள் சேரும். ஆயிலோட கெட்டித்தன்மையக் காப்பாத்தற சேர்மானங்கள் பல்லுக்கு நடுவுல நசுங்கி நசுங்கி அறுந்து போகும். எல்லாத்துக்கும் மேல சூடு. பத்து டிகிரி ஏறினா ஆயில் ஆக்சிஜனோட சேந்து கெடற வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்குன்னு கெமிஸ்ட்ரியில ஒரு தோராயக் கணக்கு உண்டு.

சூடுன்னதும் நம்ம ஊருக்கு வந்துடறேன். பொள்ளாச்சிக்காரன் வண்டி வாங்கினா மொத மாசமே ஆழியார் தாண்டி வால்பாறை ஏத்தாம இருக்க மாட்டான் :-) 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுலயும் வேகத்தக் கொறச்சு, மறுபடி முக்கி முக்கி ஏத்தணும். டார்க் கன்வெர்ட்டர் இருக்கற ஆட்டோமேட்டிக்ல அந்த வேகத்துல லாக்-அப் விட்டுடும், வழுக்கல் பூரா ஆயில்ல சூடா எறங்கும். எறங்கறப்ப செகண்ட் கியர்ல புடிச்சு எறங்கறோம், அப்ப கியர் பல்லோட பின்பக்கம் சுமை வாங்குது. இது போக, கோயமுத்தூர் டிராஃபிக்ல நின்னு நின்னு போறது, மே மாச வெயில், தோப்புக்குப் போற மண் ரோட்டுப் புழுதி.

உங்க ஓனர் மேனுவல எடுத்து மெயின்டனன்ஸ் அட்டவணையப் பாருங்க. பல வண்டிகளுக்கு 'கடுமையான பயன்பாடு'ன்னு தனியா ஒரு பகுதி இருக்கும். மலைப்பாதை, புழுதி, நெரிசல், அதிக வெப்பம்னு போட்டிருக்கும். அட பாவிகளா, இதத்தானே நாங்க தெனமும் ஓட்டறதுங்கறோம்! அவங்களோட 'கடுமை' நம்மளோட சாதாரணம். 'லைஃப்டைம்'னு சொல்றவங்க இந்தப் பக்கத்தப் புரட்டறதே இல்ல.

என் சித்தப்பா பையன் போன வருஷம் ஒரு சி.வி.டி. வண்டி செகண்ட்ஸ்ல எடுத்தான். 90 ஆயிரம் சொச்சம் ஓடினது. சர்வீஸ் ஹிஸ்டரி எல்லாம் பக்கா, ஆனா கியர் ஆயில்னு ஒரு வரி கூட இல்ல. கேட்டதுக்கு அதே லைஃப்டைம் பாட்டு. நாலாவது மாசம் வால்பாறை ஏத்தத்துல 'ஊஊ'ன்னு ஒரு சத்தம், ஆக்ஸிலேட்டர மிதிச்சா ஆர்.பி.எம் ஏறுது, வண்டி ஏறல. கழட்டிப் பாத்தா பெல்ட்டும் புல்லியும் கோடு கோடா. செலவு லட்சத்தத் தாண்டிருச்சு. மொத ஓனருக்கு ஒரு பைசா நட்டமில்ல பாருங்க. அவரோட லைஃப்டைம்தான் நல்லபடியா முடிஞ்சிருச்சே!

ஏன் சி.வி.டி. இவ்வளவு நோகுதுன்னா, அதுல இரும்பு பெல்ட் இரும்பு புல்லியக் கவ்வித்தான் வண்டியவே இழுக்குது. ஆயில் வழுக்கவும் விடணும், வழுக்காமப் புடிக்கவும் விடணும். அதுக்குத்தான் ஹோண்டாவுக்கு எச்.சி.எஃப்-2, நிசானுக்கு என்.எஸ்-3ன்னு தனித்தனியா இருக்கு. "எல்லாத்துக்கும் ஒரே ஆயிலுங்க, செவப்பா இருந்தாப் போதும்"னு யாராச்சும் சொன்னா வண்டிய எடுத்துட்டு ஓடி வந்துருங்க. செவப்பு வெறும் சாயம்.

மேனுவல் வண்டிக்காரங்களும் சிரிக்காதீங்க. ஜி.எல்-4 கேக்கற கியர்பாக்ஸ்ல ஜி.எல்-5 ஊத்தறது இங்க நிறைய பட்டறையில நடக்குது. நம்பர் கூட, அதனால உசத்தின்னு ஒரு நெனப்பு. அது முக்கியமா டிஃபரன்ஷியலுக்கான ஆயில். அதுல இருக்கற கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம், பித்தளை சிங்க்ரோ ரிங்க அரிக்க வாய்ப்பிருக்கு. போதாக்குறைக்கு ரிங் புடிக்க வேண்டிய எடத்துல வழுக்கிக் கியர் உறுமும். ஏ.எம்.டி.யும் உள்ள மேனுவல் பெட்டிதான், கிளட்ச் மிதிக்க ஆள் வெச்ச மாதிரி. அதுக்கும் கியர் ஆயில் உண்டு.

என் கணக்கு இதுதான், ஒத்துக்காதவங்க சண்டைக்கு வரலாம். மேனுவல், ஏ.எம்.டி.ன்னா 50,000. ஆட்டோமேட்டிக், சி.வி.டி. ஆனா 40,000-லிருந்து 60,000. மேனுவல்ல அதவிடக் கம்மியாப் போட்டிருந்தா அதுதான். ஓடாத வண்டின்னா வருஷக் கணக்கு.

மகாலிங்கபுரம் பக்கம் நான் விடற மெக்கானிக் அண்ணன் ஒரு விஷயம் சொல்லுவார். "தம்பி, கீழ ட்ரெயின் போல்ட்டத் தொடறதுக்கு முன்னால மேல ஊத்தற போல்ட்டக் கழட்டிப் பாத்துரோணும். பூரா வடிச்சுட்டு அது துருப்புடிச்சு வர்லீன்னா வண்டிய லாரியிலதான் ஏத்தோணுமுங்க." அஞ்சு பைசா செலவில்லாத அறிவு. ஆட்டோமேட்டிக்ல அளவு பாக்கறதும் கம்பெனி சொன்ன ஆயில் சூட்டுல பாக்கணும். சும்மா ஸ்டிக்க உருவிப் பாத்துட்டு 'ஓகேங்க'ன்னா ஓகே இல்ல.

1.5 லட்சம் வரைக்கும் மாத்தாத ஆட்டோமேட்டிக்? "சும்மா இருந்த பெட்டி, ஆயில் மாத்தினதும் போச்சு"ன்னு கதை நெறயக் கேட்டிருப்பீங்க. நம்ம ஆபீஸ்ல பழைய கோடத் தொடாதேங்கற அதே பயம். பல கேஸ்ல பெட்டி ஏற்கெனவே வழுக்க ஆரம்பிச்சதாலதான் ஆயில் மாத்தவே கொண்டு வந்திருப்பாங்க, பழி புது ஆயில் மேல. ஏற்கெனவே வழுக்குதுன்னா ஆயிலால ஒண்ணும் ஆகாது, காச வேஸ்ட் பண்ணாதீங்க. நல்லா ஓடுதுன்னா மெஷின் வெச்சுப் பீச்சியடிக்க விடாம, வடிச்சு ஊத்தறதோட நிறுத்துங்க. ஒரு தடவ வடிச்சா பாதி கூட வெளிய வராது, கன்வெர்ட்டர்ல நிக்கும். கொஞ்ச நாள் ஓட்டிட்டு இன்னொரு தடவ. சம்ப்புல காந்தத்தத் தொட்டுப் பாருங்க: மை மாதிரி பசையா இருந்தா வயசுத் தேய்மானம், வெரல்ல குத்தற துண்டு இருந்தா பெட்டியத் தொறக்கற வேலை.

டிஸ்கி: வடிச்ச ஆயில தோப்பு வேலிக் கல்லோரமாவோ பி.ஏ.பி. வாய்க்கால் பக்கமோ ஊத்தாதீங்க சாமி. பட்டறையிலயே டிரம்முல வாங்கிக்கறாங்க.