“அச்சு அசல்” என்னும் பாராட்டு

நம்மவர் மேடைகளில் ஒரு பாடகனுக்குக் கிடைக்கும் பெரும் பாராட்டு யாது? “அச்சு அசலாக அப்படியே பாடினான்” என்பதே. கோலாலம்பூர் மண்டபமாயினும், கிள்ளான் கடைத்தெருவாயினும், தோட்டத்துக் கோயில் திருவிழாவாயினும் இச்சொல்லைக் கேளாமல் ஓர் இசை நிகழ்ச்சி முடிவதில்லை. “உனக்கென்று ஒரு குரல் இல்லை, உனக்கென்று ஓர் உள்ளமும் இல்லை, இசைத்தட்டில் இருந்தவர் உன் தொண்டையில் வந்திருந்து பாடிப் போனார்” என்பதன்றோ இதன் பொருள்? இது புகழ்ச்சியாயின் வசை என்பது எது? சாமியாடுகிறவனிடம் இதனைச் சொன்னாலும் பொருந்தும். பாடகனிடம் சொல்லலாமா?

சென்ற ஆண்டு பிரிக்பீல்ட்ஸில் ஒரு பாட்டுப் போட்டி நடைபெற்றது. நான் கிராணியாக இருக்கும் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் அதில் கலந்துகொண்டாள். துணைக்குச் சென்றவர்களில் நானும் ஒருவன். பாரதிதாசனாரின் ‘துன்பம் நேர்கையில்’ என்ற பாட்டை அவள் தேர்ந்துகொண்டாள். பின்னணி இசைத்தடம் வேண்டா என்றாள். தன் குரலுக்கு இசைந்த சுருதியில், மிக மெதுவாக, வேலை முடிந்து களைத்து வந்த தாயை நோக்கிக் கேட்பவள்போல் பாடினாள். மின்விசிறியின் ஓசை கேட்குமளவுக்கு மண்டபம் அடங்கிற்று. நடுவர் சொன்னதோ, “குரல் நன்று; ஆனால் அசலை மாற்றிவிட்டாய். அதற்கு மதிப்பெண் குறைத்திருக்கிறோம்” என்பது. கிள்ளான் வரும்வரை வண்டியில் அவள் வாய் திறக்கவில்லை. பிறகு, “நான் தப்பாகப் பாடிவிட்டேனா, கிராணி ஐயா?” என்று கேட்டாள். அக்கேள்விக்காகவே இதனை எழுதுகிறேன்.

அந்த நடுவரை நான் வினவுவது ஒன்றே: அசல் எது? அவர் மனத்தில் இருந்தது, 1951இல் வெளிவந்த ‘ஓர் இரவு’ படத்தில் எம். எஸ். ராஜேஸ்வரியும் வி. ஜே. வர்மாவும் பாடிய பாட்டு. படத்திற்கு இசை ஆர். சுதர்சனம். ஆனால் அப்பாட்டுக்குத் தேஷ் இராகத்தில் மெட்டமைத்தவரோ எம். எம். தண்டபாணி தேசிகர். தேசிகரின் மெட்டை எடுத்துப் படத்தார் ஆணும் பெண்ணுமாய் இருவர் குரலில் வார்த்தனர். ஆகவே நடுவர் கட்டிக் காக்கும் அசலே மறுபாட்டு! இன்று சஞ்சய் சுப்ரமண்யன் கச்சேரிகளில் இதனைப் பாடும்போது, படத்தைக் கண்ணாலும் காணாத இளைஞர்கள் கேட்டு உருகுகின்றனர். என் செவிக்குப் படத்துப் பாட்டினும் சஞ்சய் பாடுவதே மேல். இதற்காக என்னோடு சண்டைக்கு வருவோர் பலர் என்பதும் அறிவேன், வரட்டும்.

பாரதியாரிடம் செல்வோம். ‘சின்னஞ்சிறு கிளியே’ பாட்டிற்கு இராகம் பைரவி, தாளம் ரூபகம் என்று அவரே குறித்து, ஸ்வரமும் எழுதி வைத்தார். ஒரு பாட்டிற்கு இதனினும் அசலான அசல் இருக்க முடியுமா? அவர் மறைந்தது 1921இல். முப்பது ஆண்டுகளுக்குப் பின், என். எஸ். கிருஷ்ணனின் ‘மணமகள்’ படத்திற்காகச் சி. ஆர். சுப்பராமன் அதனை ராகமாலிகையாக்கினார், எம். எல். வசந்தகுமாரியும் வி. என். சுந்தரமும் பாடினர். இன்று நம் வீட்டுப் பெண்கள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பாடுவது பைரவியா, சுப்பராமனின் மாலிகையா? இதனால் பாரதியின் பெருமை இம்மியேனும் குன்றிற்றா?

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமையை ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் விலை கொடுத்து வாங்கியிருந்தார். 1948இல் டி. கே. எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டொன்றைச் சேர்க்க, அது பெரும் தகராறாயிற்று. நாட்டுக்குப் பாடியவன் பாட்டை நாட்டார் பாடக்கூடாதா என்ற கிளர்ச்சி எழுந்தது. 1949இல் சென்னை அரசாங்கம் உரிமையைத் தன்வசமாக்கிற்று. பூட்டுத் திறந்த இரண்டாண்டில் ‘மணமகள்’ வந்தது. அன்று அரசாங்கம் திறந்த பூட்டை இன்று நடுவர்கள் மதிப்பெண்ணால் மறுபடி பூட்டுகிறார்கள்.

ஆங்கிலப் பள்ளியில் படித்தவனாகையால், மேற்சொன்ன தமிழ்ப் பாட்டுகளுக்கு முன்னரே வேறொரு பாட்டை நான் அறிந்திருந்தேன், வெட்கத்தோடுதான் ஒப்புகிறேன். அதன் பெயர் ‘ரெஸ்பெக்ட்’. நம் மொழியில் மரியாதை. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் 1965இல் தாமே இயற்றிப் பாடினார். பொருளீட்டி வீடு திரும்பும் ஆண்மகன் தன் மனைவியிடம் மரியாதை கேட்கும் பாட்டு அது. 1967இல் அதனை அரீத்தா பிராங்க்ளின் என்ற பெண் எடுத்தார். பாட்டு பெரும்பாலும் அதேதான். கேட்கும் வாய் மாறிற்று. இப்போது மரியாதை கேட்பவள் பெண்! அச்சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொல்லும் பகுதியையும் சேர்த்தார். ரெட்டிங்கின் தட்டு அமெரிக்கப் பட்டியலில் 35ஆம் இடம்வரை சென்றது. அரீத்தாவினது முதலிடம் பிடித்தது. தன்மானம் பேசும் நாம் கருத வேண்டிய பாட்டன்றோ இது? அவ்வாண்டு மாண்டெரே விழா மேடையில் ரெட்டிங், ஒரு பெண் தம் பாட்டைக் கொண்டு போய்விட்டாள் என்று நகைச்சுவையாகக் குறிப்பிட்டுவிட்டு அதனைத் தாமும் பாடினார். இயற்றியவருக்கே இல்லாத ரோஷம் நடுவருக்கு எதற்கு?

அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டுப்பண்ணின் மெட்டு 1957க்கு முன்னரே பேராக் மாநில கீதத்தில் இருந்தது. ‘தெராங் புலான்’ என்ற காதற்பாட்டாக ஊரெங்கும் உலவிற்று. 1947இல் ஹவாய் வாத்தியக் கோஷ்டியொன்றின் இசைத்தட்டாகவும் வந்தது. சுதந்திர ஆண்டில் புதுச் சொல்லும் புது நடையும் பெற்று ‘நெகாராகூ’ ஆயிற்று. நாடே எழுந்து நிற்கிறது. யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை.

மாற்றுவதெல்லாம் மேன்மையோ எனின், அன்று. தாலாட்டுக்கும் முரசு கொட்டிக் கல்யாண மண்டபத்தில் காதைக் கிழிப்போரை நானும் அறிவேன். அவர்கள் மாற்றுவது ஓசையை மட்டுமே, பாட்டினுள் அவர்கள் நுழைவதே இல்லை. அவர்களைக் கண்டிக்க நடுவருக்குச் செவி போதும். அச்சு அசல் என்ற அளவுகோலோ செவியில்லாதவனும் பிடிக்கத்தக்கது; தட்டை ஒரு பக்கமும் பாடகியை ஒரு பக்கமும் வைத்து நிறுத்துப் பார்த்தால் வேலை முடிந்தது. அதனாலேயே அது நம் மேடைகளில் இவ்வளவு நாள் ஆட்சி செய்கிறது என்பது என் ஐயம்.

வரும் மாதம் எங்கள் தோட்டத்துக் கோயிலில் திருவிழா. அப்பெண்ணைப் பாடச் சொல்லியிருக்கிறோம். முதலில் மறுத்தாள், அவள் தாய் பேசிய பிறகு இசைந்தாள். அதே பாட்டுத்தான். இசைத்தடம் போடுகிறவருக்கு அன்று வேலை இல்லையென்று சொல்லிவிட்டேன். கிள்ளானிலிருந்து ஓர் ஆர்மோனியம் மட்டும் வருகிறது.